பூனைக்கும் நீரிழிவு! அடங்கிய நோய் திரும்புவது ஏன்?

சேத்தியாத்தோப்பில் அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் சாலையெங்கும் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள்தான். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கி அவை வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். கீழே விழும் கரும்புக்காகப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். மாடும் ஆடும் ஓடி வரும். எறும்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அதே தெருவில், திண்ணையில் படுத்திருக்கும் பூனை மட்டும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏன் தெரியுமா? பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது!

நம் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்து ஆனது. பூனையிடம் அவற்றுள் ஒன்று இல்லை. அந்தப் புரதத்தை உண்டாக்க வேண்டிய ஜீனில் 247 எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தார் 2005இல் இதைக் கண்டறிந்தனர். புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும்கூட இதே குறைதான்.

இனிப்பையே அறியாத இந்தப் பிராணிக்குச் சர்க்கரை நோய் வருமா என்று கேட்பீர்கள். வரும். அதுவும் நாய்க்கு வருவதைப் போலன்றி, பெரும்பாலும் நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளுக்கு வருகிறதே, அந்த இரண்டாம் வகை நீரிழிவை ஒத்து வரும். சரியான சிகிச்சை கிடைத்தால் சில பூனைகளுக்கு இன்சுலின் ஊசியே தேவைப்படாத நிலையும் வரும். அப்படித் தேறிய பூனை ஒருநாள் திடீரென்று சுருண்டு படுத்துவிட்டால்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வெள்ளாற்றங்கரையில் ஒரு வீடு, அதில் பத்து வயதுள்ள ஆண் பூனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் மணி. நன்றாகக் கொழுத்த பூனை. சில வாரங்களாக அது தண்ணீரை ஓயாமல் குடிக்கிறது. அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது. பசியும் அதிகம்தான், ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறது. சிறுநீர் கழித்த மண்ணில் எறும்பு மொய்க்கிறது. நடையும் மாறிவிட்டது. பூனை விரல் நுனியில் நடக்கும் பிராணி அல்லவா? இப்போதோ பின்னங்கால்களில் குதிகாலைத் தரையில் பதித்து, முயல் உட்கார்ந்தாற்போல் நடக்கிறது. மிகுதியான சர்க்கரை கால் நரம்புகளைக் கெடுத்ததன் அடையாளம் இது.

உண்ணும் உணவிலிருந்து ரத்தத்துக்கு வரும் குளுகோஸ் உடலின் செல்களுக்குள் புக இன்சுலின் என்னும் ஹார்மோன் வேண்டும். அதைச் சுரப்பவை கணையத்தில் சிறு தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளிலுள்ள பீட்டா செல்கள். இன்சுலின் போதாமலோ, இருந்தும் வேலை செய்யாமலோ போனால் குளுகோஸ் ரத்தத்திலேயே தேங்குகிறது. நமக்கு 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லி கிராமைத் தாண்டினால் சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த முடியாமல் சிறுநீரில் விட்டுவிடும். பூனைக்கு இந்த எல்லை சற்று உயரம். 250ஐத் தாண்ட வேண்டும். வெளியேறும் சர்க்கரை தன்னுடன் தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது. தாகம் அதனால்தான். எனவே எறும்பு வருகிறதென்றால் நோய் ஏற்கெனவே முற்றியிருக்கிறது என்று பொருள்.

மருத்துவர் மணிக்கு நாளைக்கு இரு வேளை இன்சுலின் ஊசி போடச் சொல்கிறார். உணவையும் மாற்றுகிறார். பால்சோற்றைக் குறைத்து, மீனும் முட்டையும் கோழி இறைச்சியும் கூடுகின்றன. பூனை பிறவியிலேயே ஊனுண்ணி. குளுகோசைக் கையாளும் ஒரு முக்கிய நொதி அதன் கல்லீரலில் மிகக் குறைவு. ஆகவே மாவுச்சத்துக் குறைந்த உணவு அதற்கு ஒத்துக்கொள்ளும். சில வாரங்களில் ரத்தச் சர்க்கரை இறங்குகிறது. இன்சுலின் அளவையும் மருத்துவர் படிப்படியாகக் குறைக்கிறார். ஒருநாள் ஊசியை அடியோடு நிறுத்திவிடுகிறார். அதன்பின் நான்கு வாரங்களாகியும் சர்க்கரை ஏறவில்லை என்றால் நோய் தணிந்துவிட்டது என்கிறார்கள்.

இது எப்படி நடந்தது? பீட்டா செல்களுக்கு அளவுக்கு மீறிய குளுகோஸ் ஒரு நஞ்சு. அந்தக் குளுகோசைச் சமாளிக்க அவை மேலும் மேலும் உழைத்துக் களைத்துவிடும். களைத்தால் இன்சுலின் குறையும். குறைந்தால் குளுகோஸ் இன்னும் ஏறும். வெளியிலிருந்து போட்ட இன்சுலின் இந்தச் சுழலை அறுத்து, அவற்றுக்கு ஓய்வு தந்தது. சாகாமல் எஞ்சியிருந்தவை மறுபடி வேலைக்கு வந்துவிட்டன. அதனால்தான் நோய் கண்ட உடனேயே சிகிச்சை தொடங்கினால் தணியும் வாய்ப்பு கூடுகிறது.

எஞ்சியிருந்தவை என்றேன். மற்றவை என்ன ஆயின?

இங்கே ஒரு நல்ல அறிவியல் கதை உண்டு. நீரிழிவால் இறந்தவர்களின் கணையத் திட்டுகளில் கண்ணாடிபோன்ற ஏதோ ஒரு பொருள் படிந்திருப்பதை 1901இலேயே யூஜின் ஓபி என்ற அமெரிக்க மருத்துவர் கண்டு எழுதியிருந்தார். அது என்ன பொருள் என்று எண்பதாண்டுக்கு மேலாகியும் தெளிவாகவில்லை. 1987இல் சுவீடனில் பேர் வெஸ்டர்மார்க் குழுவினர் விடை கண்டார்கள். எதிலிருந்து எடுத்துச் சோதித்தார்கள் தெரியுமா? மனிதனின் கணையக் கட்டி ஒன்றிலிருந்தும், நீரிழிவு வந்த பூனையின் கணையத்திலிருந்தும்! 37 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதம் அது. கார்த் கூப்பரின் குழுவும் அதே ஆண்டில் அதைத் தனியே கண்டறிந்தது. இன்று அதை அமிலின் என்கிறோம். இன்சுலினுடன் சேர்ந்தே பீட்டா செல்லிலிருந்து சுரக்கும் சாதுவான ஹார்மோன்தான். ஆனால் மனிதனிடமும் பூனையிடமும் அது மிகுந்துபோனால் நூல் நூலாகத் திரிந்து, கூடி, செல்களைக் கொல்கிறது. எலியின் அமிலினில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் அது திரிவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஆய்வுக்கூட எலியைவிடத் திண்ணைப் பூனை நமக்கு நெருங்கிய உறவு!

இப்போது மணியின் கணையத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்து பம்புசெட்டு இருந்த கழனியில் மூன்று பழுது. இரண்டை வைத்துக்கொண்டு வயல் காயாமல் பார்த்துக்கொள்கிறார் விவசாயி. சாதாரண நாளில் குறை தெரியாது. கடும் வெயில் அடித்தால் தெரிந்துவிடும். நோய் தணிந்தது என்றால் பழுதான மூன்றும் சரியாகிவிட்டன என்று பொருளன்று. தணிந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, நோய் திரும்புகிறது.

அந்த வெயில் எது?

ஆறு மாதம் நன்றாக இருந்த மணி ஒருநாள் காலையில் உணவைத் தொடவில்லை. இருமுறை வாந்தி எடுக்கிறது. கட்டிலடியில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. வீட்டார் 'சர்க்கரை திரும்பிவிட்டது' என்கிறார்கள். அது பாதி உண்மைதான். சர்க்கரையைத் திருப்பியது எது என்பதே முக்கியமான கேள்வி.

உடலில் எங்காவது சீழோ காய்ச்சலோ கண்டால் கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் பெருகும். இவையெல்லாம் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்பவை. பல் ஈறு அழுகியிருக்கலாம். சிறுநீர்ப் பையில் கிருமி இருக்கலாம். சர்க்கரை கலந்த சிறுநீர் கிருமிகளுக்கு விருந்தல்லவா? சொறிக்கோ ஒவ்வாமைக்கோ யாரேனும் ஸ்டிராய்டு ஊசி போட்டிருக்கலாம். அதன் விளைவு வாரக்கணக்கில் நிற்கும். நீரிழிவு வந்த பூனை என்பதை எந்த மருத்துவரிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டியது இதனால்தான். வேறொன்றும் இல்லையென்றால், பூனை மறுபடி கொழுத்துவிட்டதே போதிய காரணமாக இருக்கும்.

எல்லாவற்றிலும் பொல்லாதது கணைய அழற்சி. அது இன்சுலின் சுரக்கும் இடத்தையே தாக்குகிறது. நாய்க்கு வந்தால் வயிற்றுவலியில் துடிக்கும், வெளியே தெரியும். பூனையோ வலியைக் காட்டிக்கொள்ளாது. சாப்பிடாமல் ஒதுங்கிப் படுப்பதே அது சொல்லும் மொழி.

இன்சுலின் மிகவும் குறைந்துவிட்டால் அடுத்த ஆபத்து வருகிறது. குளுகோசைப் பயன்படுத்த முடியாத உடல் கொழுப்பைக் கரைக்கிறது. அதிலிருந்து கல்லீரல் கீட்டோன்கள் என்னும் பொருள்களை உண்டாக்குகிறது. இவற்றுள் இரண்டு அமிலங்கள். மூன்றாவது அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் மணக்குமே, அதுதான். அமிலம் பெருகினால் ரத்தத்தின் காரத்தன்மை குலைகிறது. பூனை வேகமாக மூச்சுவிடும், வாயில் அந்த மணம் வரலாம், உடல் துவண்டுவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் காகிதப் பட்டையைச் சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறிக் கீட்டோனைக் காட்டும். ஆனால் அது எல்லாக் கீட்டோன்களையும் காட்டாது. மிகுதியாகச் சேரும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் அதன் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே பட்டை நிறம் மாறவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. தணிந்திருந்த பூனை வாந்தியும் எடுத்து, உண்ணவும் மறுத்தால் அது நாளைக்குப் பார்த்துக்கொள்ளும் காரியமன்று. இன்றே, இரவானாலும், மருத்துவரைத் தேட வேண்டும்.

குளிர்பெட்டியில் பழைய இன்சுலின் புட்டி இருக்கும். 'முன்பு போட்டதுதானே, இன்றைக்கும் ஒரு ஊசி போட்டுவிட்டால் என்ன?' என்று தோன்றும். இதைத்தான் செய்யக்கூடாது. சாப்பிடாத பூனைக்கு, அளவு தெரியாமல் போட்ட இன்சுலின் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும்; தள்ளாட்டம், வலிப்பு, சில வேளை மரணம். நம் நாட்டில் இன்சுலின் மில்லி லிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரு செறிவுகளில் விற்கிறது. 40க்கு உரிய சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை '1' என்ற கோடுவரை எடுத்தால் உள்ளே போவது எத்தனை யூனிட்? கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை! நான்கு கிலோ பூனைக்கு இது சின்னப் பிழையல்ல. சர்க்கரை இறங்கித் தள்ளாடும் பூனைக்குக் குளுகோஸ் கரைசலையோ தேனையோ ஈறில் தடவலாம். நினைவிழந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. கூடையில் அடைத்து, பேருந்தில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோன பூனையின் ரத்தத்தில் சர்க்கரை 250, 300 என்று காட்டலாம். அது பயத்தால் ஏறியதாகவும் இருக்கலாம். பூனைக்கு இது சர்வ சாதாரணம். எனவே மருத்துவர்கள் ஃபிரக்டோசமைன் என்ற வேறொன்றையும் அளக்கிறார்கள். ரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொண்ட சர்க்கரை அது. கடந்த ஓரிரு வாரங்களின் சராசரி நிலையை அது சொல்லும். பேருந்துப் பயணத்தின் பயம் அதில் ஏறாது. வீட்டிலேயே காது நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதிக்கவும் பழகலாம். மனிதருக்கான கருவிகள் பல, பூனையின் ரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும் என்பது நினைவிருக்கட்டும்.

மருத்துவமனையில் முதல் வேலை இன்சுலின் போடுவது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. நரம்பு வழியே உப்புநீர் ஏற்றுவதுதான் முதல் வேலை. சிறுநீரில் தண்ணீர் போனதோடு சோடியமும் பொட்டாசியமும் போயிருக்கும். இன்சுலின் குளுகோசைச் செல்லுக்குள் அனுப்பும்போது பொட்டாசியத்தையும் கூடவே அழைத்துப் போய்விடும். ரத்தத்தில் அது வற்றினால் தசைகளும் இதயமும் தடுமாறும். ஆகவே மணிக்கு மணி அளந்து பார்த்து, பொட்டாசியம் சேர்த்து, இன்சுலினைச் சிறிது சிறிதாகத் தருகிறார்கள். கூடவே ஸ்கேன், சிறுநீர்ச் சோதனை, பல் சோதனை என்று மறைந்திருக்கும் இரண்டாவது நோயைத் தேடுகிறார்கள். அதைக் கண்டு தீர்க்காவிட்டால் எவ்வளவு இன்சுலின் ஊற்றினாலும் பயனில்லை. இத்தனை வசதியும் ஊர்தோறும் கிடைக்காது. சேத்தியாத்தோப்பு வாசிக்குப் புதுச்சேரியிலும், ஒரத்தநாட்டிலும், 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவர் முதலுதவி தந்து வழிகாட்டுவார். எங்கே போவது என்பதைப் பூனை நலமாக இருக்கும்போதே விசாரித்து வைப்பது உத்தமம்.

நோயின் திரும்புகையை முன்கூட்டியே காட்டிக் கொடுப்பது தாகம். இதை நீங்களே அளக்கலாம். விருத்தாசலத்துப் பீங்கான் கிண்ணம் ஒன்றில் காலையில் 300 மில்லி லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அதே அளவு தண்ணீரை இன்னொரு கிண்ணத்தில், பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வெயிலில் எவ்வளவு ஆவியாகிறது என்பதை அது சொல்லும். மறுநாள் இரண்டிலும் எஞ்சியதை அளந்து கழித்தால் பூனை குடித்த அளவு தெரியும். முதல் கிண்ணம் காலியாகிக்கொண்டிருந்தால் எவ்வளவு நிரப்பினீர்கள் என்று எழுதிக்கொண்டு மறுபடி ஊற்றுங்கள். நோயுள்ள பூனைக்குத் தண்ணீரைக் குறைக்கவே கூடாது. கிலோ எடைக்கு 50 மில்லி லிட்டருக்குள் குடிப்பது வழக்கம். 100ஐ நெருங்கினால் தாமதிக்க வேண்டாம். வாரம் ஒருமுறை துணிப்பையில் வைத்து எடையும் பார்த்துவிடுங்கள். நான்கு கிலோ பூனை 200 கிராம் இழப்பது, 60 கிலோ மனிதர் மூன்று கிலோ இழப்பதற்குச் சமம்.

திரும்பிய நோய் மறுபடி தணியுமா? தணியலாம். ஆனால் முதல் முறையைவிட அரிது. ஒவ்வொரு திரும்புகையிலும் இன்னும் சில பீட்டா செல்கள் போய்விடுகின்றன. ஊசிக்குப் பதிலாக, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2022இலும் 2023இலும் பூனைகளுக்கென்றே அனுமதி அளித்தார்கள். ஒன்று மாத்திரை, மற்றொன்று வாய்வழித் திரவம். ஊசிக்குப் பயப்படுகிற வீடுகளுக்கு நல்ல சேதிதான். ஆனால் கீட்டோன் கண்ட பூனைக்கோ, முன்பு இன்சுலின் போட்டுவந்த பூனைக்கோ இவை ஆகா. இவற்றை உட்கொண்ட பூனைக்கு ரத்தச் சர்க்கரை சரியாகவே இருக்க, உள்ளே கீட்டோன் மட்டும் ஏறிக்கொண்டிருக்கக் கூடும்.