‘பசுமை அட்டை’ படத்துக்கும் நல்லதா?

ஃபிரேம் போடக் கொடுக்கும்போது கட்டையையும் கண்ணாடியையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். பின்னால் என்ன அட்டை வைக்கிறார்கள் என்று கேட்பதில்லை. படத்தை ஒட்டியே ஆண்டுக்கணக்கில் இருக்கப்போவது அந்த அட்டைதான்.

ஹார்டுபோர்டு, எம்.டி.எஃப்., தெர்மகோல் நடுவே வைத்த ஃபோம் அட்டை ஆகியவற்றுக்குப் பதிலாகக் காகிதக் கூழில் செய்த கெட்டி அட்டைகளும் விற்பனைக்கு வருகின்றன. இவை எடை குறைவு, வெட்டுவது எளிது, மிஞ்சிய துண்டுகளைப் பழைய பேப்பரோடு போட்டுவிடலாம். ஆனால், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதாலேயே ஒரு அட்டை படத்துக்கும் நல்லதாகிவிடாது.

என்ன ஆபத்து?

மரக்கூழில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. செய்தித்தாளைப் பழுப்பாக்குவது அதுதான். பல வகைக் கழிவுக் காகிதங்களைக் கலந்து செய்த அட்டையில் லிக்னினும் அமிலமும் தங்கியிருக்கலாம். அமிலம் மெல்லப் படத்துக்குள் இறங்கும். பழைய படத்தைச் சுற்றி வைத்த அட்டைச் சட்டத்தை, அதாவது மவுண்ட்டைக் கழற்றினால், அதன் உள்விளிம்பு பட்ட இடத்தில் நாலு பக்கமும் பழுப்புக் கோடு ஓடியிருப்பதைப் பார்க்கலாம். அது துடைத்தால் போகும் கறை இல்லை.

இன்னொன்று ஈரம். காகித அட்டை ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் மாட்டினால் வளையலாம், பூஞ்சை பிடிக்கலாம், இராமபாணப் பூச்சியும் வரலாம்.

வாங்கும் முன்

• ‘அமிலமற்றது’, ‘லிக்னின் அற்றது’ என இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். புகைப்படம் என்றால், அட்டை படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 18916 சோதனையில் தேறியதா என்றும் கேளுங்கள்.
• அமிலம் இருக்கிறதா என்று காட்டும் பி.எச். பேனாவால் அட்டையின் வெட்டுப் பகுதியில் கோடு போடுங்கள். மஞ்சளாகவே இருந்தால் அமிலம்; ஊதாவானால் அமிலமில்லை. சுண்ணாம்புச் சத்து சேர்த்த அட்டை லிக்னின் இருந்தாலும் ஊதா காட்டும் என்பதால், பேனாவை மட்டும் நம்ப வேண்டாம்.
• ஒரு துண்டைக் குளியலறையில் ஒரு வாரம் வைத்து, பிறகு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் பெரிய படத்துக்கு அது ஆகாது.

உங்கள் உரிமை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரம் குற்றம். உற்பத்தியாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ‘சூழலுக்கு உகந்தது’, ‘பசுமையானது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது, ஆதாரம் காட்ட வேண்டும் என்று 2024 அக்டோபரில் தனி வழிகாட்டு நெறிகளே வந்திருக்கின்றன. எனவே, ஆதாரம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

ஏமாற்றப்பட்டால்

பில்லில் அட்டையின் பெயரும் வகையும் இருக்கட்டும். விளம்பரத்தையும் பழுதான படத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். பிழைப்புக்காகச் சொந்தமாக ஃபிரேம் கடை நடத்துபவரும், தொழிலுக்கு வாங்கிய அட்டை குறித்து நுகர்வோராகப் புகார் செய்ய இடமுண்டு.

நஷ்டஈடு அட்டையின் விலையைத் தரும், தாத்தாவின் ஒரே படத்தைத் தராது. புது அட்டையை முதலில் காலண்டர் படத்துக்கும் போஸ்டருக்கும் போட்டுப் பாருங்கள். ஒரே பிரதிதான் என்றால், அதை ஸ்கேன் செய்து நகலை மாட்டுங்கள்.