சொர்க்கத்தைச் சுற்றி ஐந்தரை மைல்

ஜூலை மாத வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆனால் காலடியில் பனி! அந்தப் பனியின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று லில்லிப் பூக்கள்!

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது ரேனியர் மலை. உயரம் 14,410 அடி. உள்ளே நெருப்பை வைத்துக்கொண்டு, வெளியே பனிக்கட்டியைப் போர்த்திக்கொண்டிருக்கும் எரிமலை அது. அதன் தென்சரிவில், 5,400 அடி உயரத்தில் உள்ள இடத்துக்கு 'பாரடைஸ்' என்று பெயர். சொர்க்கம் என்று அர்த்தம். 1885-ல் அங்கே போன மார்த்தா லாங்மயர் என்ற அம்மையார் பூக்களைக் கண்டு மலைத்துப்போய் வைத்த பெயராம் அது.

இங்கிருந்துதான் 'ஸ்கைலைன்' என்ற வட்டப்பாதை புறப்படுகிறது. ஐந்தரை மைல் நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். ஏறவேண்டியது 1,700 அடி.

பாரடைஸ் வரை மோட்டார் சாலையின் இருபுறமும் ஒரே காடு. அதற்கு மேலே மரங்கள் தயங்குகின்றன. ஊசியிலை மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கும்பல் கூடி நிற்கின்றன. இடைவெளியெல்லாம் பூ! நீலமாக லூப்பின், செக்கச்செவேலென்று 'பெயிண்ட் பிரஷ்'. திடீரென்று யாரோ சீட்டி அடிப்பார்கள். திரும்பிப் பார்த்தால் மனிதர் யாரும் இல்லை. மார்மட் என்ற பிராணி! அணில் இனம்தான்; ஆனால் முயலைவிடப் பெரிது.

சுமார் 6,800 அடி உயரத்தில் பனோரமா முனை. வானம் தெளிவாக இருந்தால், 1980-ல் வெடித்து உச்சியை இழந்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையும் தெரியும். இறங்கும் வழியில் ஒரு கல் நினைவுச்சின்னம். 1870 ஆகஸ்டில் ஸ்டீவன்ஸ், வான் டிரம்ப் என்ற இருவர் உச்சிக்கு ஏறினார்கள். வழிகாட்டி வந்த செவ்விந்தியர் ஸ்லுயிஸ்கின், "போகாதீர்கள், திரும்பமாட்டீர்கள்" என்று மன்றாடிப் பார்த்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். எரிமலை வாயில், ஆவி வரும் குகையில் இரவைக் கழித்துவிட்டு இருவரும் உயிரோடு திரும்பினார்கள்!

ஒரு காலடி, இருபது செடி

இந்தப் பூக்களுக்கு ஆயுள் கொஞ்சம். 1971-72 பருவத்தில் மட்டும் பாரடைஸில் பெய்த பனி 1,122 அங்குலம்! பெரும்பாலும் ஜூலையில்தான் தரை தெரிகிறது. செப்டம்பரில் மீண்டும் உறைபனி. முளைத்து, பூத்து, விதைத்து முடிக்க இடையில் இருப்பது சில வாரங்களே. அதனால்தான் பாதையை விட்டு ஓரடி விலகினாலும் ஆபத்து. ஆபத்து மனிதருக்கல்ல, செடிக்கு. ஒரு காலடியில் சராசரி 20 செடிகள் நசுங்குவதாகப் பூங்கா நிர்வாகம் கணக்குச் சொல்கிறது. மிதிபட்ட மண் இறுகும். பனி கரைந்த தண்ணீர் அதில் வாய்க்கால் பறிக்கும். பிறகு விதை விழுந்தாலும் ஊன்றாது. அந்தத் தழும்பு ஆறப் பல ஆண்டுகள் ஆகின்றன.

1899-லேயே இது தேசியப் பூங்கா ஆகிவிட்டது. ஆனாலும் சொர்க்கத்தை விரும்பி வந்தவர்கள்தான் அதை அதிகம் வதைத்தார்கள். பூக்களின் மேலேயே கூடாரம் அடித்தார்கள், குதிரைகளை ஓட்டினார்கள். 1931-ல் கோல்ப் மைதானம்கூடப் போட்டார்கள்! ஜூலை வரை பனி கிடக்கும் இடத்தில் கோல்ப்! அந்த விளையாட்டு நீடிக்கவில்லை.

இப்போது ஏற்றமான இடங்களில்கூடத் தார் போட்டிருக்கிறார்கள். காட்டு மலையில் தார்ப்பாதையா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஆனால் பாதை நன்றாக இருந்தால்தானே கால் அதிலேயே நிற்கும்? இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. 2015-ல் பனி வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே கரைந்து, பூக்கும் காலமே தலைகீழாகிவிட்டது.

காயம்பட்ட இடங்களில் வைத்தியம் நடக்கிறது. தண்ணீர் அரித்த பள்ளங்களை மண்ணிட்டு மூடுகிறார்கள். அந்தச் சரிவிலேயே விதை பொறுக்கி, கண்ணாடிக் கூடத்தில் நாற்று வளர்த்து, கோடை முடியும் சமயத்தில் தொண்டர்கள் மண்டியிட்டு நடுகிறார்கள். சில வாரங்களில் பனி எல்லாவற்றையும் மூடிவிடும். எத்தனை நாற்று பிழைத்தது என்று எண்ண, மறு ஜூலை வரை காத்திருக்க வேண்டும்.