பேட்டரிக்கு அழும் காசு

பொழுது விடியுமுன் நிரைக்குள் இறங்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு உளி கை என்றால், நெற்றியில் கட்டும் லைட்டுதான் கண். அது மங்கினால் பட்டையில் கோடு தெரியாது, உளி ஆழமாய் இறங்கி மரத்தில் காயம் விழும். காலடியில் பாம்பு கிடந்தாலும் தெரியாது.

அண்மையில் ஒரு தோட்டத்தில் கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மா கேட்டார்: “அண்ணே, சம்பள உயர்வு கேக்குறோம், சரிதான். இந்த லைட்டுப் பேட்டரிக்கு மாசா மாசம் அழுவுற காசுக்கு என்ன வழி?”

நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோம். மூன்று ‘டபுள் ஏ’ பேட்டரி போடும் லைட்டுக்குப் பத்து நாளுக்கு ஒரு தடவை மாற்றினால் மாதம் 9, வருடம் 108 பேட்டரி. கணவன் மனைவி இருவரும் வெட்டுக்குப் போனால் 216. உங்கள் கடை விலையால் பெருக்கிப் பாருங்கள்.

இதற்கு வழி சார்ஜ் பேட்டரி. லைட்டைப் பிரிக்க வேண்டாம், ஒயர் மாற்ற வேண்டாம். அதே அளவில் ‘நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு’ பேட்டரி கேட்டு வாங்குங்கள். மேலே 1.2 வோல்ட் என்று இருக்கும். சாதா பேட்டரி 1.5 ஆயிற்றே, வேலை செய்யுமா? பெரும்பாலும் செய்யும். சாதா பேட்டரி 1.5இல் தொடங்கினாலும் எரிய எரிய இறங்கிக்கொண்டே போகும். இதுவோ கடைசிவரை 1.2ஐ ஒட்டியே நிற்கும். பிறகு சட்டென்று அணைந்துவிடும். ஆகவே, சார்ஜ் ஏற்றிய இன்னொரு மூன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காசு கூடத்தான். ஆனால் சில நூறு தடவை சார்ஜ் ஏற்றலாம். ஒரு யூனிட் கரண்டில் மூன்று பேட்டரிக்கு இருபது தடவையாவது ஏற்றலாம். இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு சார்ஜர் வாங்கினாலும் போதும். மூன்றையும் ஒன்றாகவே போடுங்கள், ஒன்றாகவே ஏற்றுங்கள். பழசும் புதுசும் கலக்க வேண்டாம்.

சுவர்க் கடிகாரத்துக்கு இது வேண்டாம். அதற்கு ஒரு சாதா பேட்டரியே மாதக்கணக்கில் ஓடும்.

இனி எச்சரிக்கை. அந்தக் காலத்தில் தீர்ந்த பேட்டரியை நாம் வெயிலில் காயப்போடுவோம். சூட்டில் கொஞ்சம் உயிர் வரும், அவ்வளவுதான். உள்ளே நீர் கசிந்து லைட்டே கெட்டுப்போகும். சாதா பேட்டரியை ஒருபோதும் சார்ஜரில் போடாதீர்கள், வெடிக்கலாம். அதே அளவில் 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியும் கடையில் உண்டு. மூன்று போட்டால் 11 வோல்ட்டுக்கு மேல் போய் லைட்டு கருகும். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய லித்தியத்தைக் கண்ட சார்ஜரில் ஏற்றினால் லயத்துக்கே தீ வைத்த கதைதான்.

இத்தனைக்கும் வீட்டில் கரண்டு வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் கிடைக்கச் செய்வது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டமே சொல்கிறது. கரண்டு இல்லை என்றால், இருட்டில் உட்கார்ந்து பேட்டரி வாங்கிக்கொண்டிருக்காதீர்கள். கிளையில் எழுதிக் கொடுங்கள்.

தோட்டத்து வேலைக்கான வெளிச்சத்தை நம் கைக்காசில் வாங்கலாமா? அடுத்த கூட்டத்தில் இதையும் பேசுவோம், தோழர்களே. அதுவரை, போகிற காசையாவது குறைப்போம்.