பத்து காவான் அலையாத்திக் காடுகளும் கயாக் சுற்றுலாவும்

பினாங்குப் பெருநிலத்தில் ஜெஜாவி, தெங்கா ஆறுகளை எல்லையாகக் கொண்ட பத்து காவான், 2014ஆம் ஆண்டில் இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பின்னர்த் தொழிற்பேட்டையாகவும் புதுநகரமாகவும் விரைந்து வளர்ந்து வருகிறது. இச்சூழலில் அதன் கரையோர அலையாத்திக் காடுகளைக் காப்பதற்குக் கயாக் சுற்றுலா எவ்வாறு துணைபுரியும் என்பதை இங்கு நோக்குவோம்.

கயாக் என்பது ஓரிருவர் அமர்ந்து துடுப்பால் செலுத்தும் சிறுபடகு. விசைப்படகுகள் எழுப்பும் அலைகள் ஓடைக்கரைச் சேற்றை அரித்து இளங்கன்றுகளின் வேர்ப்பிடிப்பைத் தளர்த்துகின்றன. கயாக்கினால் அத்தகைய அரிப்பும் இல்லை. எண்ணெய்க் கசிவும் இல்லை. ஓதம் ஏறும் வேளையில் குறுகிய ஓடைகளிலும் அது செல்லும்.

எனினும், படகு மட்டுமே காட்டைக் காத்துவிடாது. இதற்குப் பிச்சாவரம் சான்றாகும். தில்லை என்னும் அலையாத்தி மரத்தால் பெயர்பெற்ற சிதம்பரத்தை அடுத்துள்ள அவ்விடத்தில், துடுப்புப் படகுச் சுற்றுலா புகழ்பெற்றது. ஆயினும், அங்குச் சீரழிந்த பகுதிகளை மீட்டது எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களுடன் இணைந்து 1990களில் மேற்கொண்ட பணியே. மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீரை உட்செலுத்தி, மண்ணின் மிகையான உவர்ப்பைக் குறைத்துக் கன்றுகளை நட்டனர். 2022இல் பிச்சாவரம் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

பினாங்கிலும் இத்தகைய உழைப்பு உண்டு. பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் 1997 முதல் அலையாத்திக் கன்றுகளை நடும் பணியில் ஈடுபட்டுள்ளனர். ஆகவே, பத்து காவானில் உள்ளூர் மீனவர்களே வழிகாட்டிகளாக அமைந்து, கட்டணத்தில் ஒரு பங்கு நடவுக்கும் கண்காணிப்புக்கும் செல்லுமாயின், சுற்றுலா காட்டுக்கு அரணாகும். இன்றேல் காடு வெறும் காட்சிப்பொருளாகவே எஞ்சும் எனலாம்.