தந்தை அளித்த ஓராண்டு

நறுமணத் தைலங்களுக்குப் பெயர்பெற்ற பிரான்சின் கிராஸ் நகரில் 1951-ஆம் ஆண்டு பிறந்தவர் மிஷேல் மூத்தோன். மலைப்பாதைகளிலும் மண்சாலைகளிலும் நடைபெறும் ராலி கார்ப் பந்தயங்களில், ஓட்டுநரின் அருகமர்ந்து வழி கூறுபவராகவே அவர் முதலில் பங்கேற்றார். மகள் தாமே கார் ஓட்டட்டும் என விரும்பிய தந்தை, கார் ஒன்றை வாங்கித் தந்து, திறமையை மெய்ப்பிக்க ஓராண்டுக் காலமும் அளித்தார்.

அந்நம்பிக்கை வீண்போகவில்லை. 1981-இல் இத்தாலியின் சான்ரெமோ ராலியில் வென்று, உலகச் சாம்பியன் போட்டிச் சுற்றொன்றில் வாகை சூடிய முதல் பெண்மணியானார். மறு ஆண்டு போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் ஆகிய நாடுகளில் வென்று உலகப் பட்டத்தை நெருங்கினார்.

ஐவரி கோஸ்ட் ராலி தொடங்கவிருந்த வேளையில் தந்தை காலமான செய்தி வந்தது. மகள் போட்டியிட வேண்டும் என்பதே அவரது விருப்பமாக இருந்தது. துயரை அடக்கிக்கொண்டு காரைச் செலுத்திய மூத்தோன், நெடுநேரம் முன்னிலை வகித்தார். எனினும் இயந்திரப் பழுதும் விபத்தும் குறுக்கிட, பட்டம் ஜெர்மனியின் வால்டர் ரோர்லுக்குச் சென்றது; மூத்தோன் இரண்டாமிடம் பெற்றார்.

2010-இல் சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் மகளிர் ஆணையத்துக்கு அவர் தலைவரானார். அன்று தந்தை தமக்குத் திறந்துவிட்ட கதவைப் பிற பெண்களுக்கும் திறப்பதே அவருடைய பணியாயிற்று.