ஓய்வில் உறையும் கணிப்பொறி

பாலாற்றங்கரையில், சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் இருப்புப்பாதையின்மேல் அமைந்துள்ள ஊர் வாணியம்பாடி. ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைப் போலவே இதுவும் தோல் தொழிலால் பெயர் பெற்றது. 2019ஆம் ஆண்டுவரை வேலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. முற்காலத்தில் இங்குள்ள தோல் மண்டிகளின் கணக்குகள் தடித்த பேரேடுகளில் எழுதப்பெற்றன. இந்நாளில் அப்பணியைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டுள்ளது. எத்தனை தோல் வந்தது, எவருக்கு எவ்வளவு தரவேண்டும், எந்தச் சரக்கு எந்நாளில் சென்னைத் துறைமுகத்தை அடையவேண்டும் என்பனவெல்லாம் மேசைமீதுள்ள ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டன.

அத்தகைய கணக்கறை ஒன்றை மனக்கண்முன் நிறுத்துக. கணக்கர் ஒரு விலைப்பட்டியலைப் பாதி எழுதியிருக்கிறார். திடீரெனத் திரை அசைவற்று நிற்கிறது. சுட்டும் அம்பு நகரவில்லை. எந்த விசையை அழுத்தினும் பயனில்லை. 'ஹேங் ஆகிவிட்டது' என்று பேச்சு வழக்கில் கூறுவது இந்நிலையையே. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்குவதைத் தவிர வேறு வழியில்லை. எழுதிய பாதியும் போய்விடுகிறது. சரக்கு வண்டி வாயிலில் காத்து நிற்கிறது. முதலாளி கணக்கரின் கவனக்குறைவு என்கிறார். கணக்கர் பொறியின் முதுமை என்கிறார். பழுதுபார்ப்பவர் வருகிறார். அவர் இருக்கும் ஒரு மணி நேரமும் பொறி ஒழுங்காக ஓடுகிறது. அவரும் எதையோ மாற்றிவிட்டுக் கூலி பெற்றுச் செல்கிறார். நான்காம் நாள் பொறி மீண்டும் நிற்கிறது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மாத இறுதியில் கணக்கு முழுவதையும் ஒரே மூச்சில் கூட்டும் கடும் பணியின்போது அப்பொறி ஒருநாளும் நின்றதில்லை. கடிதம் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் தேநீர் அருந்தி வருவதற்குள் நின்றுவிடுகிறது. உழைக்கும்போது உறுதியாக இருந்து, ஓய்ந்திருக்கும்போது விழுகிறது!

பெரும்பாலோர் முதலில் வெப்பத்தின்மீது பழி சுமத்துவர். கோடையில் 40 பாகை செல்சியசுக்கு மேலும் வெயில் காயும் பகுதியில் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும், வெப்பமே காரணமாயின் கடும் பணியின்போதன்றோ பழுது தோன்றவேண்டும்? மேலும், பொறியின் மூளையாகிய நுண்செயலி வெப்பம் மிகும்போது தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடின் பொறியே அணைந்துவிடும். பெட்டிக்குள் படிந்த தூசியைத் துடைப்பது நல்லதே. தோலைத் தேய்த்து மெருகிடும் இடங்களின் அருகில் மென்தூள் மிகுதியாகப் பறக்கும். ஆனால், இலேசான பணியில் மட்டும் உறையும் பொறிக்குத் தூசி துடைத்தல் மருந்தாவது அரிது.

ஓய்வு நேரத்தில் பொறிக்குள் நடப்பது யாது என்பதை அறிந்தால் இப்புதிரின் ஒரு முடிச்சு அவிழும். இக்கால நுண்செயலி ஒரு நொடிக்குள் பல நூறு கோடித் துடிப்புகளைக் காணும். மனிதர் ஓர் எழுத்தை அடித்து மறு எழுத்தைத் தேடும் இடைவெளி அதற்கு ஒரு யுகம். அவ்விடைவெளியில் வீணே மின்சாரம் செலவிடாமல் அது துயில் கொள்கிறது. துயிலிலும் படிகள் உண்டு. முதற்படியில் துடிப்பு மட்டும் நிற்கும். அடுத்த படிகளில் மின்னழுத்தம் குறையும். உள்ளே வைத்திருந்த செய்திகள் வேறிடத்தில் சேமிக்கப்பெறும். இறுதிப் படியில் அதன் உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் மின்சாரமே ஏறக்குறைய நின்றுவிடும். விசையொன்று அழுத்தப்பெற்றதும் மிகச் சிறு நேரத்தில் விழித்துக்கொள்ளும். இப்படிகளை வல்லுநர் 'சி நிலைகள்' என்பர். கடிதம் எழுதும் ஒருவர் முன்னே நுண்செயலி நொடிக்குப் பல நூறு முறை துயின்று எழுகிறது. அத்தனை எழுச்சிகளுள் ஒன்று தவறினும் திரை உறைந்துவிடும்.

இனி, அதற்கு மின்சாரம் ஊட்டும் உறுப்பைக் காண்போம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தரும் இரும்புப் பெட்டியைக் கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்பர். 12 வோல்ட்டு என்பது 11.4க்குக் கீழும் 12.6க்கு மேலும் போகலாகாது. பழைய அமைப்புடைய பெட்டிகளில் 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே கட்டுப்பாட்டு உறுப்புச் சேர்த்துக் காவல் செய்யும். இரண்டிலும் சுமை இருக்கும்வரை எல்லாம் நன்றாக நடைபெறும். நுண்செயலி ஆழ்ந்து துயிலும்போது 12 வோல்ட்டில் சுமையே இராது. 5 வோல்ட்டில் மட்டும் சுமை இருக்கும். அப்போது சமநிலை கெட்டு அழுத்தம் தன் எல்லையைத் தாண்டக்கூடும். பாரம் ஏற்றிய வண்டி அமைதியாகச் செல்ல, வெற்று வண்டி ஒவ்வொரு கல்லிலும் துள்ளுவதைக் கண்டோர்க்கு இது விளங்காமல் இராது.

இது வெறும் கற்பனை அன்று. 2013ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 'ஹாஸ்வெல்' என்னும் நுண்செயலிகளை வெளியிட்டது. முன்பு குறைந்தது அரை ஆம்பியர் மின்னோட்டமாவது இழுக்கப்பெறும் என்று எதிர்பார்த்து எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகள் அமைக்கப்பெற்றன. ஹாஸ்வெல்லோ ஆழ்ந்த துயிலில் 0.05 ஆம்பியரே இழுக்கக்கூடும் எனத் தெரிந்தது. பத்தில் ஒரு பங்கு! தங்கள் பெட்டிகளுள் எவை இதற்கு ஏற்றவை என்று பட்டியலிட்டு அறிவிக்கவேண்டிய நிலை உற்பத்தியாளர்க்கு ஏற்பட்டது. 2017ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் 'ரைசன்' வெளிவந்தபின்னும் அத்தகைய முறையீடு எழுந்தது. லினக்ஸ் பயன்படுத்துவோர் பலருடைய பொறிகள் ஒன்றும் செய்யாமல் இருந்த வேளைகளிலேயே உறைந்தன. பின்னர், ஓய்விலும் ஓரளவு மின்னோட்டம் குறையாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு ஒன்று அப்பொறிகளின் பயாஸில் சேர்க்கப்பெற்றது. விலை குறைந்த சிறு பொறிகள் பலவற்றில் இடம்பெற்ற இன்டெல் 'பே டிரெயில்' வகையிலும் இத்தொல்லை இருந்தது. துயிலின் முதற்படிக்கு மேல் போகாதவாறு தடுத்தபோது அவற்றுள் பல உறைவதை நிறுத்தின.

ஆயினும், ஒரு காரணத்தை அறிந்தவுடன் எல்லா நோய்க்கும் அதையே காரணமாகக் கூறுவது பேதைமை. இலேசான பணியின்போது உறைவதற்கு வேறு காரணங்களும் உள. ஆதலின் முதலில் செய்யத்தக்கது பொறியைத் திறப்பது அன்று; அதன் அருகில் ஒரு குறிப்பேட்டை வைப்பதாகும். பொறி உறைந்தவுடன் திரையின் மூலையிலுள்ள கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். அதுவும் உறைந்திருக்கும், உறைந்த மணியை அதுவே காட்டி நிற்கும். யாரும் அருகில் இல்லாதபோது நேர்ந்ததையும் இவ்வாறு அறியலாம். அடுத்து, விசைப்பலகையில் 'கேப்ஸ் லாக்' விசையை அழுத்திப் பார்க்கவேண்டும். அதன் சிறு விளக்கு எரிந்து அணையுமாயின் பொறியின் உள்ளம் உயிரோடுள்ளது. திரையைத் தீட்டும் உறுப்போ, ஏதேனும் ஒரு மென்பொருளோ மட்டும் முடங்கியது என்று கொள்ளலாம். விளக்கும் அசையாவிடின் முடக்கம் முழுமையானது. விண்டோஸ் பொறிகளில் நிகழ்ச்சிகளைப் பதியும் ஏடு ஒன்று உள்ளே உண்டு. அதில் '41' என்னும் எண்ணைக் கண்டு பலர் மருள்வர். முறைப்படி நிறுத்தப்பெறாமல் பொறி நின்றது என்பதே அதன் பொருள். ஏன் நின்றது என்பதை அது கூறுவதில்லை.

நினைவகம், அதாவது கடைகளில் 'ராம்' எனக் கேட்டு வாங்கப்பெறுவது, ஐயத்திற்குரிய அடுத்த உறுப்பு. இரண்டு பலகைகள் இருப்பின் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றொன்றோடு சில நாள் ஓட்டிப் பார்க்கலாம். 1994இல் கிறிஸ் பிராடி என்பார் உருவாக்கிய 'மெம்டெஸ்ட் 86' போன்ற சோதனைகளை இரவு முழுவதும் ஓடவிடலாம். நினைவகத்தின் பிழைகள் எங்கிருந்து வரும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1978இல் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த திமோத்தி மே, மர்ரே உட்ஸ் என்னும் இருவர், நினைவகச் சில்லுகளைப் பொதியும் பீங்கான் உறைகளிலிருந்த யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் நுண்ணிய எச்சங்களே செய்திகளைக் கெடுத்தன என்று கண்டறிந்தனர். அவ்வுறைகளைச் செய்த ஆலை, அமெரிக்காவில் பழைய யுரேனியச் சுரங்கக் கழிவு கிடந்த இடத்திற்குக் கீழே, ஓர் ஆற்றின் கரையில் அமைந்திருந்தது. ஆற்றுநீரில் கலந்தது எங்கெல்லாம் சென்று சேரும் என்பதைப் பாலாற்றங்கரை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

செய்திகளைச் சேமிக்கும் வட்டையும் மறத்தலாகாது. பொறி சில நொடிகள் திணறிப் பின் மீளுமாயின், அல்லது உறைந்த வேளையில் வட்டின் விளக்கு அணையாது எரியுமாயின், வட்டையோ அதன் இணைப்புக் கம்பியையோ ஐயுறலாம். 'குரூஷியல் எம்4' என்னும் வட்டு வகை ஒன்றில் விந்தையான குறை இருந்தது. மொத்தம் 5,184 மணி நேரம் ஓடிமுடித்ததும் அது பதிலளிப்பதை நிறுத்திவிடும்; மீண்டும் இயக்கினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடி மறுபடியும் நிற்கும். 2012இன் தொடக்கத்தில் நிறுவனத்தார் வெளியிட்ட திருத்தத்தால் அது தீர்ந்தது. உறைந்த நேரங்களை எழுதி வைத்தவர்களுக்கே அந்த ஒரு மணி நேர ஒழுங்கு புலப்பட்டிருக்கும்.

தோல் பதனிடும் ஊர்களில் கருதவேண்டிய காரணம் மற்றொன்றும் உண்டு. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பர். அக்கழிவு அமிலத்தோடு கலக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு ஆவி எழும். வெள்ளிக் கொலுசைக் கறுக்கச் செய்யும் தன்மை அவ்வாவிக்கு உண்டு. கணிப்பொறியின் தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்தடைகளின் முனைகளிலும் வெள்ளி இருக்கிறது. 2006இல் ஐரோப்பிய நாடுகள் ஈயத்தை விலக்கியபின், பலகைகளின்மேல் வெள்ளிப் பூச்சு மிகுந்தது. கந்தக ஆவியுள்ள இடங்களில் அரிப்பும் மிகுந்தது. எனவே கழிவுநீர்த் தொட்டியை நோக்கிய சாளரத்தின் அருகில் கணிப்பொறியை வைத்தல் தகாது. நினைவகப் பலகையின் தொடுமுனைகளைத் தூய சாராயத்தில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்தினாலே சில பொறிகள் குணமடையும். அழிப்பான் கொண்டு அழுத்தித் தேய்ப்பாரும் உளர். அங்குள்ள பொன்பூச்சு மிக மெல்லியது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. பெட்டியைத் திறக்குமுன் மின்கம்பியைக் கழற்றிவிடவேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணங்கொண்டும் திறத்தலாகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதனுள் இருக்கும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஊறு செய்யும் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

காரணங்கள் பலவாயின், எதனைத் தொடுவது? ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றவேண்டும். நினைவகம், வட்டுக் கம்பி, பயாஸ் ஏற்பாடு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றிப் பழுது நின்றுவிட்டால், எதனால் நின்றது என்பது எவருக்கும் தெரியாது. மாற்றியபின் எத்தனை நாள் காத்திருப்பது என்பதிலேயே பலர் தவறுகின்றனர். சராசரியாக இரண்டு நாளுக்கு ஒருமுறை உறையும் பொறி ஒருநாள் உறையாமல் இருந்தால் அதற்குப் பொருளே இல்லை. அது தானாகவே அவ்வாறு இருந்திருக்கும். சராசரி இடைவெளியைப்போல் மூன்று மடங்கு காலம், அதாவது ஆறு நாள், உறையாமல் ஓடினால், அது தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடிய வாய்ப்பு இருபதில் ஒரு பங்கே என்று நிகழ்தகவுக் கணக்குக் கூறுகிறது. வந்து ஒரு மணி நேரம் பார்த்துச் செல்லும் பழுதுபார்ப்பவர் தோற்பதன் காரணமும் இதுவே. அவருடைய திறமைக் குறைவு என்று கொள்ளுதல் அநீதி.

மேலே கண்ட கணக்கறையில் மூன்று வாரம் குறிப்பேடு எழுதப்பெற்றது என்று கொள்க. பதினொரு முறை பொறி உறைந்திருக்கிறது. பதினொரு முறையும் 'கேப்ஸ் லாக்' விளக்கு அசையவில்லை. அவற்றுள் ஒன்பது, பொறியை யாரும் தொடாத வேளைகள்: முற்பகல் தேநீர் வேளை, பகலுணவு வேளை, வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் தொழுகைக்குச் சென்றிருந்த நண்பகல். கணக்கரின் கையில் குற்றமில்லை என்பதற்கு அப்பக்கங்களே சான்று. நினைவகம் ஓர் இரவு சோதிக்கப்பெற்றது, பிழை இல்லை. பிறகு பொறி தொடங்கும்போது பயாஸைத் திறந்து ஆழ்ந்த துயிலைத் தடுக்கும் ஏற்பாடு ஒன்று மட்டும் செய்யப்பெற்றது. ஆறு நாள் கழிந்தன, உறையவில்லை. ஏழாம் நாள் அத்தடை நீக்கப்பெற்றது. மறுநாளே பகலுணவு வேளையில் திரை உறைந்து 1.20 எனக் காட்டி நின்றது. அதன்பின் அடுத்த அறையிலிருந்த புதிய பொறியின் எஸ்.எம்.பி.எஸ். இதில் பொருத்தப்பெற்றது. துயிலுக்குத் தடையில்லாமலே மேலும் ஆறு நாள் பொறி நிற்காமல் ஓடியது.

மின்சாரச் செலவு சற்றுக் கூடினாலும் பொருட்படுத்தாதவர், துயிலைத் தடுத்தவாறே பொறியை ஓட்டிக்கொள்ளலாம். இயலுமாயின், குறைந்த சுமையிலும் அழுத்தம் பிறழாத புதிய எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்குவது சிறப்பு. தாய்ப்பலகையும் நுண்செயலியும் வட்டும் மாற்றப்பெற வேண்டுவதில்லை. கழற்றிய பழைய பெட்டியைக்கூட, வேறு குறையில்லாதவரை, எறிந்துவிட வேண்டுவதில்லை. ஆழ்ந்த துயிலை அறியாத பழைய பொறி ஒன்று கிடங்கில் இருந்தால், அதற்கு அப்பெட்டி இன்னும் சில ஆண்டுகள் குறைவின்றி மின்சாரம் தரும்.