லாரியோடு பயணம் செய்யும் நாய்: வெயிலில் காப்பது எப்படி?

மும்பையை அடுத்த கலம்போலி இரும்புச் சந்தையிலும், வாஷி மார்க்கெட் பகுதியிலும் தமிழ்நாட்டு லாரிகளை எந்த நாளிலும் பார்க்கலாம். நாமக்கல், சங்ககிரி, சேலம் பதிவு எண் தாங்கிய வண்டிகள். ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை டிரைவருக்கும் கிளீனருக்கும் அந்த லாரிதான் வீடு. சமையலும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான்.

திருச்செங்கோட்டில் இருந்து புறப்படும் போர்வெல் வண்டிகளின் கதையும் இதுவே. ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்காக மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போகும் தொழிலாளர்கள், மாதக்கணக்கில் வண்டியிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள்.

இவர்களில் சிலர் ஒரு நாயையும் கூட வைத்துக்கொள்கிறார்கள். டீசல் திருடனுக்கும், தார்ப்பாய் திருடனுக்கும் அது காவல். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது துணை.

கோடை விடுமுறையில் மும்பையில் இருந்து நெல்லைச் சீமைக்குக் காரில் புறப்படும் குடும்பங்களும், வீட்டு நாயைப் பின் சீட்டில் ஏற்றிக்கொள்வது உண்டு. 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் அது. இரண்டு மூன்று நாட்களுக்கு அந்தக் கார்தான் நாய்க்கு வீடு.

ஆனால், மனிதனுக்கு வீடாக இருக்கும் வண்டி, நாய்க்கு எமனாகவும் ஆகலாம். கதவைத் திறக்க அதற்குத் தெரியாது. "புழுங்குகிறது" என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. அதன் உயிர், சாவி வைத்திருப்பவர் கையில் இருக்கிறது.

வியர்க்காத பிராணி

மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். காற்றுப் பட்டு வியர்வை உலரும்போது உடம்பு குளிரும். நாய்க்கு அந்த வசதி இல்லை. அதன் பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும், அது போதாது.

நாய் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் முக்கிய வழி, நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான். நாக்கிலும் மூச்சுக் குழாயிலும் உள்ள ஈரம் ஆவியாகி, சூட்டை வெளியே கொண்டு போகிறது.

நாயின் இயற்கையான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி சென்டிகிரேடு வரை. அது 41 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. மூளை, சிறுநீரகம், கல்லீரல், குடல் எல்லாம் கெடத் தொடங்கும்.

மூக்கு சப்பையான 'பக்' போன்ற ஜாதி நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அவற்றுக்கு நன்றாக இரைக்கவே முடியாது. கிழட்டு நாய், குட்டி, கொழுத்த நாய் ஆகியவையும் சீக்கிரம் விழுந்துவிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நாட்டு நாய்கள் வெயிலுக்குப் பழகியவைதான். ஆனால், மூடிய கேபினுக்குள் நாட்டு நாயும் சாகும்.

"அஞ்சு நிமிஷந்தானே?"

மே மாதப் பகல். சாலை ஓரத் தாபாவில் லாரி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, நாயை இறக்கட்டுமா?" என்று கிளீனர் கேட்கிறார்.

"அஞ்சு நிமிஷந்தானேப்பா? கிடக்கட்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வை" என்கிறார் டிரைவர்.

ரொட்டி வரத் தாமதம் ஆகிறது. பக்கத்து மேஜையில் தெரிந்தவர் ஒருவர் பேச்சுக் கொடுக்கிறார். ஐந்து நிமிடம், அரை மணி ஆகிவிடுகிறது.

அந்த அரை மணியில் என்ன நடக்கும்? அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் வெயிலில் நிறுத்திய காரைச் சோதித்து, 2005-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் காருக்குள் வெப்பம் சராசரியாக 22 டிகிரி கூடியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் இறக்கி வைத்ததால் பெரிய பலன் இல்லை.

வெளியே 35 டிகிரி என்றால், ஒரு மணி நேரத்தில் உள்ளே 55 டிகிரியைத் தாண்டும். கண்ணாடி வழியே உள்ளே வரும் வெயில், சீட்டையும் டாஷ்போர்டையும் சுட வைக்கிறது. அந்தச் சூடு வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. லாரி கேபினில் இதோடு இன்ஜின் சூடும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே, வண்டி ஓடும்போது இருப்பதைவிட, நிற்கும்போதுதான் ஆபத்து அதிகம். மனிதன் இறங்கினால் நாயும் இறங்க வேண்டும். இதற்கு விதிவிலக்கே கூடாது.

ஏ.சி. இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2025 அக்டோபர் 1-ந் தேதி முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்துள்ளது. நல்ல காரியம்தான். ஆனால், அதற்கு முன்பு தயாரான ஏராளமான லாரிகளுக்கு இந்த விதி பொருந்தாது. மேலும், இன்ஜின் நின்றால் வழக்கமான ஏ.சி.யும் நின்றுவிடும்.

நாக்பூர் வெயில் வேறு, மும்பை வெயில் வேறு

ஒரே வைத்தியம் எல்லா ஊருக்கும் பொருந்தாது.

நாக்பூர், ஜான்சி, குவாலியர் பக்கம் அடிப்பது உலர்ந்த வெயில். அங்கே ஈரம் சட்டென்று ஆவியாகும். ஈரமான கோணிச் சாக்கின் மேல் நாயைப் படுக்க வைத்து, காற்றுப் படும்படி செய்தால் நன்றாகக் குளிரும். ஆனால், 45 டிகிரியில் வீசும் 'லூ' காற்று நாயின் உடம்பைவிடச் சூடானது. உலர்ந்த உடம்பில் அது பட்டால் சூடு இறங்காது, ஏறும். ஆகவே, தண்ணீர் இல்லாமல் காற்று மட்டும் போதாது.

ராஜஸ்தானில் பலோடி என்ற ஊரில் 2016 மே 19-ந் தேதி 51 டிகிரி பதிவானது. அந்தப் பக்கம் போகும் வண்டிகள், காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை மரத்தடியில் நின்றுவிட்டு, மாலையிலும் இரவிலும் ஓடுவதே நல்லது. மனிதனுக்கும் அதுதான் நல்லது.

மும்பையில் வெப்பம் 33 டிகிரிதான் இருக்கும். ஆனால் காற்றில் கடல் ஈரம் நிறைந்திருப்பதால், நாய் எவ்வளவு இரைத்தாலும் நாக்கின் ஈரம் லேசில் ஆவியாகாது. இங்கே ஈரச் சாக்கு மட்டும் உதவாது. நிழலும் ஓயாத காற்றும் வேண்டும். ஒரு சிறிய பேட்டரி மின்விசிறி பெரிய உதவி செய்யும்.

எங்கே படுக்க வைப்பது?

பழைய லாரிகளில், டிரைவர் சீட்டுக்கும் கிளீனர் சீட்டுக்கும் நடுவில் இன்ஜின் பெட்டி இருக்கும். அதன் மேலோ, அதை ஒட்டியோ நாயைப் படுக்க வைக்கக் கூடாது. தார்ப்பாய்க்கு அடியிலும் கூடாது. அங்கே காற்றே இருக்காது.

பின்புறம் திறந்த பாடியில் கழுத்துக் கயிற்றால் கட்டுவது மிகவும் ஆபத்து. நாய் வெளியே குதித்தால் அதே கயிற்றில் தூக்கு மாட்டிக்கொள்ளும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை வாங்கி, விளிம்பைத் தாண்ட முடியாத அளவுக்குக் குட்டையாகக் கட்ட வேண்டும்.

தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 20 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளிலேயே சுமார் ஒரு லிட்டர் தேவை. கோடையில் இரண்டு மடங்குகூடக் குடிக்கும். நாய்க்கென்று தனியாக ஒரு கேன் வைத்துக்கொள்வது நல்லது.

நடுப்பகலில் தார் ரோட்டில் நடத்தவும் கூடாது. புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். பொறுக்க முடியவில்லை என்றால், நாயின் பாதமும் பொறுக்காது.

டயருக்கு அடியில்

இறக்கிவிட்ட நாய் நிழல் தேடி எங்கே போகும்? லாரிக்கு அடியில்தான். டயரை ஒட்டிப் படுத்து அயர்ந்து தூங்கிவிடும். வண்டியை எடுப்பதற்கு முன் கிளீனர் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நாயைக் கண்ணால் பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் தரையில் ஒழுகிக் கிடந்தால், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். அது இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும். பல கூலன்ட்களில் உள்ள ரசாயனம் சிறிதளவே உள்ளே போனாலும் சிறுநீரகம் கெட்டுச் சாகும்.

கழுத்துப் பட்டையில் செல்போன் எண்ணை எழுதி வைப்பதும் அவசியம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தொலைந்த நாய், தானாக வீடு திரும்பாது. ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பு ஊசி போட்டு, அந்தச் சீட்டையும் வண்டிக் காகிதங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

மயங்கி விழுந்தால்...

ஓயாத இரைப்பு, கெட்டியான எச்சில், ஈறு ரத்தச் சிவப்பாவது, தள்ளாட்டம், வாந்தி: இவை வெப்பத் தாக்குதலின் அடையாளங்கள்.

முதலில் உடம்பைக் குளிர வைக்க வேண்டும்; பிறகுதான் ஆஸ்பத்திரி. நாயை நிழலுக்குக் கொண்டுபோய், தலை முதல் வால் வரை தண்ணீர் ஊற்றுங்கள். வயிறு, தொடை இடுக்கு, பாதம் ஆகியவை நன்றாக நனைய வேண்டும். கூடவே விசிறுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விட்டால், துணி சூடாகிக் கேடு செய்யும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீரைப் புகட்டக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

எழுந்து நடந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். உள் உறுப்புகளின் சேதம் ஒன்றிரண்டு நாள் கழித்தும் வெளிப்படலாம்.

வடக்கே மொழி தெரியாதவர்கள் "பஷு சிகித்சாலய்" எங்கே என்று கேட்டால் போதும். 'பஷு' என்றால் அங்கே பசு மாடு மட்டும் அல்ல, எல்லா மிருகங்களும்தான். மகாராஷ்டிரத்தில் "பஷு தவாகானா" என்றால் வழி காட்டுவார்கள். பல மாநிலங்களில் 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியை அழைக்கலாம்.

கூட்டிப் போகத்தான் வேண்டுமா?

பிராணிகளைத் துன்புறும்படி வண்டியில் கொண்டு போவது, 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம் என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்கள். அபராதத்துக்குப் பயந்து யாரும் நாயைக் காக்கப் போவதில்லை.

ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் வடக்கே போகும் லாரியில் ஏ.சி. இல்லை, பகலிலும் ஓட்டியே ஆக வேண்டும் என்றால், நாயை ஊரிலோ, ஷெட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ விட்டுவிட்டுப் போவதே அன்பு. தார்ப்பாய் திருட்டுப் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். இரவெல்லாம் தூங்காமல் அதற்குக் காவல் இருந்த உயிரை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.